கார் சாவி யாருக்குச் சொந்தம்?

வீட்டுச் சாவி தொலைந்தால் என்ன செய்வோம்?

கொஞ்ச நேரம் தேடுவோம். ஒருவரை ஒருவர் குறை சொல்லிக் கொள்வோம். பிறகு பூட்டுக்காரரைக் கூப்பிடுவோம். அவர் அரத்தை எடுத்து ராவி, அரை மணி நேரத்தில் புதுச் சாவி போட்டுக் கொடுப்பார். முடியாவிட்டால் பூட்டை உடைப்பார். புதுப் பூட்டு ஒன்று வாங்கி மாட்டிவிட்டு, அன்று இரவே நிம்மதியாகத் தூங்கலாம்.

கார் சாவி தொலைந்தால்?

தூக்கம் போய்விடும்!

சங்கரன்கோவிலையே எடுத்துக் கொள்வோம். ஆடித்தபசு நாள். அரியும் அரனும் ஒன்றே என்று கோமதி அம்மனுக்குக் காட்சி கிடைத்த ஊர் அது. அந்தக் காட்சியைக் காண ஜனங்கள் கடல் போலக் கூடுகிறார்கள். விருதுநகர் பக்கம் இருந்து ஒரு குடும்பம் காரில் வருகிறது என்று வைத்துக் கொள்வோம். காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்கள். சாமி கும்பிடுகிறார்கள். புற்றுமண் எடுத்துக் கொள்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பொம்மை வாங்கிக் கொடுக்கிறார்கள். திரும்பி வந்து சட்டைப் பையில் கையை விட்டால், சாவி இல்லை!

கூட்டத்தில் விழுந்ததா? பொம்மைக் கடையில் வைத்ததா? அம்மா மீது அப்பாவுக்குக் கோபம். அப்பா மீது அம்மாவுக்குக் கோபம். குழந்தை தூக்கத்துக்கு அழுகிறது.

பூட்டுக்காரர் ஒருவரைத் தேடிப் பிடிக்கிறார்கள். "என்ன கார்? எந்த வருஷத்து வண்டி?" என்று அவர் கேட்கிறார். சொல்கிறார்கள். அவர் உதட்டைப் பிதுக்குகிறார்.

"கதவைத் திறந்து கொடுத்துடுவேன், அண்ணாச்சி. ஆனா வண்டி ஓடாது."

இது கற்பனைதான். ஆனால் திருவிழா நடக்கும் எந்த ஊரிலும் நடக்கக் கூடியது.

சங்கரன்கோவிலில் இருந்து திருநெல்வேலிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பெரிய கார் கம்பெனிகளின் ஏஜெண்டுகள் அங்கே இருக்கிறார்கள். காரை அங்கே எப்படிக் கொண்டு போவது? சாவி இல்லாத காரில் ஸ்டீயரிங் பூட்டிக் கொண்டிருக்கும். கயிறு கட்டி இழுக்க முடியாது. வேறு வண்டியின் மேல் ஏற்றித்தான் கொண்டு போகவேண்டும். அதற்கு ஒரு வாடகை. கொண்டு போய்ச் சேர்த்த பிறகு, "சாவி கம்பெனியில் இருந்து வரவேண்டும்" என்பார்கள். அதற்குச் சில நாள் ஆகும். சில கார்களுக்குச் சில வாரமே ஆகும். சாவிக்குப் பல ஆயிரம் ரூபாய் கேட்பார்கள்.

மாதச் சம்பளக்காரர் வீட்டுக் கார் என்றால் செலவோடு போயிற்று. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர் என்ன செய்வார்? வண்டி நின்றாலும் கடன் தவணை நிற்காது. முகூர்த்த நாளுக்கு முன்பணம் வாங்கி இருப்பார். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு சிறு சாவி, ஒரு குடும்பத்தின் ஒரு மாத வருமானத்தை விழுங்கி விடுகிறது.

கார் நம்முடையது. பணம் கொடுத்து வாங்கியது. அதன் சாவியை நம் ஊரிலேயே செய்துகொள்ள முடியவில்லை. இது ஏன்?

சாவிக்குள் என்ன இருக்கிறது?

பழைய கார் சாவி வெறும் உலோகத் துண்டு. அதில் பல் வெட்டியிருக்கும். பூட்டுக்குள் இருக்கும் தகடுகளோடு பல் பொருந்தினால் சாவி சுற்றும். அவ்வளவுதான். அம்பாஸடர் கார் அப்படிப்பட்டது. அதன் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு நின்றுபோனது. தேய்ந்துபோன அம்பாஸடர் சாவி, பக்கத்தில் நின்ற இன்னொரு அம்பாஸடரைத் திறந்த கதையைப் பழைய டிரைவர்கள் சிரித்துக் கொண்டே சொல்வார்கள்.

இப்போதைய சாவி அப்படி அல்ல. அது மூன்று சாமான்கள் சேர்ந்த ஒரு சின்னப் பெட்டி.

பல் வெட்டிய உலோகம் இன்றும் இருக்கிறது. அது கதவுக்கும் ஸ்டீயரிங் பூட்டுக்கும் உரியது.

இரண்டாவது, அரிசி போலவோ மிளகு போலவோ இருக்கும் ஒரு சிப். இதுதான் முக்கியம். சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியை நுழைத்ததும் அந்தச் சுருள் சிப்புக்குக் கொஞ்சம் மின்சாரம் ஊட்டுகிறது. கார் ஒரு கேள்வி கேட்கிறது. சிப் பதில் சொல்கிறது. பதில் சரியாக இருந்தால்தான் எஞ்சின் ஓடும். தவறான பதில் என்றால், பல் பொருந்தினாலும் பயன் இல்லை. எஞ்சின் ஓடாது. கேள்வியும் பதிலும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். நமக்குத் தெரியாது.

மூன்றாவது, நாம் அழுத்தும் பட்டன். அழுத்தினால் சாவியில் இருந்து ரேடியோ அலை புறப்படுகிறது. "கதவைத் திற" என்று காருக்கு ஒரு ரகசியச் சொல்லை அனுப்புகிறது. அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் மாறும். நேற்று அனுப்பிய சொல் இன்று செல்லாது. அடுத்து என்ன சொல் வரும் என்பது காருக்கும் சாவிக்கும் மட்டுமே தெரியும். திருடன் பக்கத்தில் ஒளிந்திருந்து ஒட்டுக் கேட்டாலும், கேட்ட சொல் அவனுக்கு உதவாது.

சாவியைத் துவாரத்தில் நுழைக்காமல், பையிலேயே வைத்துக்கொண்டு, பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்களும் வந்துவிட்டன. அங்கேயும் இதே கேள்வி பதில்தான். காற்றிலேயே நடக்கிறது.

1982-ல் பிரான்ஸ் நாட்டு ரெனோ கம்பெனி, ஃபுயேகோ என்ற காரில் தூரத்தில் இருந்தே கதவைத் திறக்கும் சாவியைக் கொண்டுவந்தது. அப்போது அது ஆடம்பரம். சிப் வைத்த சாவி வந்ததற்குக் காரணம் ஆடம்பரம் அல்ல. திருட்டு.

ஜெர்மனியில் புதுக் கார்களில் இந்தத் தடுப்பு கட்டாயம் ஆயிற்று. 1998-ல் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் கட்டாயம் ஆயிற்று. பலன் கிடைத்தது. நெதர்லாந்து நாட்டுப் பொருளாதார அறிஞர்கள் இருவர் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 1995 முதல் 2008 வரை, இந்தத் தடுப்பினால் கார் திருட்டு சராசரியாக நூற்றுக்கு 40 பங்கு குறைந்தது என்று கண்டார்கள்.

அமெரிக்காவில் இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே என்ன நடந்தது? 2015-ஆம் ஆண்டு மாடல்களில், மற்றக் கம்பெனிக் கார்களில் நூற்றுக்கு 96-ல் இந்தத் தடுப்பு இருந்தது. ஹூண்டாய், கியா கார்களில் நூற்றுக்கு 26-ல்தான் இருந்தது. 2021-ல் மில்வாக்கி நகரத்துப் பையன்கள் இதைக் கண்டுபிடித்து விட்டார்கள். திருடும் வழியை வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் காட்டினார்கள். அடுத்த ஆண்டே நாடு முழுவதும் அந்தக் கார்கள் களவு போயின.

ஆகவே சிப் வைத்த சாவி வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். அது நல்ல காவல்காரன். காவல்காரன் யார் சொல் கேட்கிறான் என்பதுதான் நம் கேள்வி.

தேய்ந்த சாவி

தொலைவதற்கு முன்னால் தேய்வது உண்டு. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தேய்ந்த சாவிகளில் பல மலிவாகவே சரி செய்யக் கூடியவை. அது தெரியாமல் புதுச் சாவிக்குப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பட்டனை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. கிட்டே போய் அழுத்தினால் திறக்கிறது. இது பேட்டரி தீர்ந்துவருவதன் அடையாளம். சாவியைப் பிரித்தால் உள்ளே நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். பல கார்களில் அது 2032 என்ற எண் போட்டது. 20 மில்லிமீட்டர் அகலம். 3.2 மில்லிமீட்டர் கனம். 3 வோல்ட். கைக்கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடையில் கிடைக்கும். பழைய பேட்டரியில் என்ன எண் இருக்கிறதோ அதையே கேட்டு வாங்க வேண்டும்.

பேட்டரி முழுதும் தீர்ந்துவிட்டால் பயப்பட வேண்டாம். சாவியை நுழைத்து ஓட்டும் காரில், சிப்புக்குப் பேட்டரி வேண்டாம் என்று சொன்னோம் அல்லவா? சாவியால் கதவைத் திறந்து, சாவியால் ஸ்டார்ட் செய்யலாம். பட்டன் ஸ்டார்ட் காரின் சாவிக்குள்ளும் ஒரு சின்ன உலோகச் சாவி ஒளிந்திருக்கும். அதை உருவிக் கதவைத் திறக்கலாம். பல கார்களில் சாவியை ஸ்டார்ட் பட்டன் மீதே ஒட்டினாற்போல் வைத்து அழுத்தினால் எஞ்சின் ஓடும். எங்கே வைப்பது என்று காரோடு கொடுத்த புத்தகத்தில் படம் போட்டிருக்கும். அந்தப் புத்தகத்தை யாரும் பிரிப்பதில்லை. ஒரு தடவை பிரித்துப் பாருங்கள்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இந்தப் பேட்டரி மிகவும் ஆபத்தானது. இதை அழுத்தமாகச் சொல்லுகிறோம். வழவழ என்று இருப்பதால் குழந்தை வாயில் போட்டுக் கொள்ளும். உணவுக் குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்திலேயே சதையை அரித்துப் புண்ணாக்கி விடும். தீர்ந்துபோன பேட்டரியும் இதைச் செய்யும். உயிர் போன குழந்தைகள் உண்டு. அதனால்தான் 2022-ல் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சட்டம் செய்தார்கள். குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். காத்திருக்காதீர்கள். எக்ஸ்ரே எடுக்க வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள். அழுகையை நிறுத்தக் கார் சாவியைக் குழந்தை கையில் கொடுக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது சாவியின் கூடு. ரப்பர் பட்டன் கிழிந்து போகும். மூடி உடைந்து போகும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருக்கும் சாவிகளை நாம் பார்த்திருக்கிறோம். வெறும் கூடு மட்டும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பழைய கூட்டில் உள்ளதைப் புதுக் கூட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. பல சாவிகளில் சிப் தனியாக, கூட்டின் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் ஏதோ கரித்துண்டு போல் இருக்கும். அதை மாற்றாமல் பழைய கூட்டைக் குப்பையில் போட்டுவிட்டால் தீர்ந்தது கதை! கதவு திறக்கும். கார் ஓடாது. பிறகு குப்பைத் தொட்டியைக் கிளற வேண்டியதுதான்.

பல் தேய்வதும் உண்டு. சாவி சுற்றாமல் முரண்டு பிடிக்கும். ஆட்டி ஆட்டிச் சுற்றவேண்டி இருக்கும். அந்தத் தேய்ந்த சாவியைப் பார்த்தே இன்னொரு சாவி வெட்டினால், தேய்மானமும் சேர்ந்து வந்துவிடும். புதுச் சாவியும் முரண்டு பிடிக்கும். அதனால் பல்லின் அளவு எண்ணைப் பார்த்து வெட்டவேண்டும். புதுக் கார் வாங்கும்போது சாவியோடு ஒரு சின்னத் தகட்டில் எண் பொறித்துக் கொடுப்பார்கள். அதுதான் அந்த எண். அழகாக இருக்கிறது என்று அதைச் சாவி வளையத்திலேயே மாட்டி வைக்கக் கூடாது. சாவியோடு அதுவும் போய்விடும். பத்திரத்தோடு பீரோவில் இருக்கவேண்டிய பொருள் அது.

கடைசிச் சாவி

ஒரு சாவி கையில் இருக்கும்போது இன்னொன்று செய்வது சுலபம். எந்தச் சாவியும் இல்லாதபோது செய்வது கஷ்டம். இதை நன்றாக மனதில் வைக்கவேண்டும்.

புதுச் சாவி செய்தால் மட்டும் போதாது. காருக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டும். "இவனும் நம்ம ஆள்தான்" என்று காரின் மூளைக்குச் சொல்லவேண்டும். பல கார்களில், ஏற்கெனவே தெரிந்த சாவி ஒன்று கையில் இருந்தால் இந்த வேலை எளிதில் முடியும். ஒன்றுமே இல்லை என்றால் கம்பெனியின் ரகசிய எண் வேண்டும். அதற்கென்று உள்ள கருவி வேண்டும். சில கார்களில் பெட்டியையே மாற்றவேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். செலவு பல மடங்கு ஏறும்.

பழைய கார் வாங்குகிறவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். முதல் தடவையாகக் கார் வாங்கும் குடும்பங்கள் பல பழைய காரை வாங்குகின்றன. பெயிண்டைப் பார்க்கிறார்கள். டயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். மைலேஜ் கேட்கிறார்கள். சாவி ஒன்றா இரண்டா என்று கேட்பதில்லை. "இன்னொன்று ஊரில் இருக்கிறது. அனுப்பி வைக்கிறேன்" என்பார் விற்பவர். அது வராது. இரண்டாவது சாவி வரும்வரை கொஞ்சம் பணத்தை நிறுத்தி வையுங்கள். மரியாதைக் குறைவு என்று எண்ண வேண்டாம். அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அது யார் கையில் இருக்கிறதோ, அவர் உங்கள் காருக்குப் பாதிச் சொந்தக்காரர்!

காருக்கு எத்தனை சாவிகள் தெரியும் என்பதைக் கருவி வைத்துப் பல கார்களில் பார்க்கலாம். தெரியாத சாவியை அழித்துவிடலாம். தொலைந்த சாவியையும் அப்படி அழிக்கலாம். பிறகு அதை யார் கண்டெடுத்தாலும் கார் ஓடாது. புதுச் சாவி செய்யும்போதே, "தொலைந்ததை அழித்துவிட்டீர்களா?" என்று கேளுங்கள். கேட்காமல் யாரும் செய்யமாட்டார்கள்.

இன்ஷூரன்ஸ் விஷயமும் இருக்கிறது. கார் களவு போய்ப் பணம் கேட்டால், இரண்டு சாவியையும் கொண்டுவரச் சொல்வார்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் கேள்விமேல் கேள்வி வரும். ஆகவே சாவி தொலைந்த உடனே போலீஸ் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வைக்கவேண்டும். தொலைந்த சாவிக்குப் பணம் கொடுக்கும் தனி இன்ஷூரன்சும் இப்போது இருக்கிறது. பாலிசி எடுக்கும்போது கேட்டுத் தெரிந்து கொள்ளலாம்.

ரகசியம் யார் கையில்?

இனி நம் முக்கியமான கேள்விக்கு வருவோம்.

திண்டுக்கல் பூட்டைத் தெரியாத தமிழர் இல்லை. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் செய்யும் பூட்டு. பூட்டுக்குள் என்ன தந்திரம் இருக்கிறது என்பது செய்தவருக்குத் தெரியும். ஆனால் விற்ற பிறகு, "இந்தப் பூட்டுக்கு என்னைத் தவிர வேறு யாரும் சாவி செய்யக்கூடாது" என்று எந்தத் திண்டுக்கல் தொழிலாளியும் சொன்னது இல்லை.

கார் கம்பெனிகள் சொல்கின்றன. வாயால் சொல்வதில்லை. ரகசிய எண்ணைக் கொடுக்காமல், கருவியைக் கொடுக்காமல், செயலால் சொல்கின்றன. யானையை விற்றுவிட்டு அங்குசத்தைத் தாமே வைத்துக்கொள்கிற வியாபாரம் இது.

இந்த வழக்கு ஒரு தடவை விசாரணைக்கே வந்தது. 2011-ல் ஒரு கார் சொந்தக்காரர், இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். உதிரிப் பாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் கம்பெனிகள் வெளிப் பட்டறைகளுக்குக் கொடுப்பதில்லை. அதனால் சொன்ன விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது புகார். மூன்று கம்பெனிகளோடு தொடங்கிய விசாரணை விரிந்துகொண்டே போயிற்று. 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி தீர்ப்பு வந்தது. 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம்! வெளிப் பட்டறைகளுக்குப் பாகங்களும் கருவிகளும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் ஆணையம் சொன்னது.

கம்பெனிகள் சும்மா இருக்குமா? மேல் முறையீடு, ஐகோர்ட்டு என்று போயின. 2016-ல் மூன்று கம்பெனிகளின் மேல் முறையீட்டில், அவர்கள் செய்தது தவறுதான் என்று மேல் மன்றமும் சொன்னது. ஆனால் அபராதத்தை வெகுவாகக் குறைத்தது. வழக்கு நீண்டது. சங்கரன்கோவில் பூட்டுக்காரருக்கு ரகசிய எண் வந்து சேரவில்லை.

2022-ல் மத்திய அரசாங்கம் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஒரு குழு அமைத்தது. மோட்டார் வாகனங்களும் அந்தக் குழு பார்க்கவேண்டிய பட்டியலில் இருந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென்று ஒரு இணையதளமும் திறந்தார்கள். தொடக்கம் நல்ல தொடக்கம்தான். ஆனால் அதில் பெரும்பாலும் கம்பெனிகள் தாமாகக் கொடுக்க முன்வந்த விவரங்களைத்தான் பார்க்கலாம். "கொடு" என்று கட்டளை இடும் சட்டம்தான் நமக்கு வேண்டும்.

கம்பெனிகளுக்கு ஒரு நியாயம் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். "ரகசிய எண்ணை எல்லோருக்கும் கொடுத்தால் திருடனுக்கும் போகாதா?" என்று அவர்கள் கேட்கிறார்கள்.

கேள்வி சரிதான். ஆனால் இந்தக் கேள்விக்கு மற்ற நாடுகள் விடை கண்டுவிட்டன. அமெரிக்காவில் 2008 முதல் ஒரு ஏற்பாடு இருக்கிறது. பூட்டுத் தொழில் செய்கிறவர், தம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அவருடைய பின்னணியை விசாரிக்கிறார்கள். குற்றம் இல்லாதவர் என்றால் அவருக்கு ஒரு எண் கொடுக்கிறார்கள். அந்த எண்ணைக் காட்டி அவர் கம்பெனியிடம் சாவியின் ரகசியத்தைக் கேட்டு வாங்கலாம். கார் யாருடையது என்று அவர் சரிபார்த்து, எழுதி வைக்கவேண்டும். நாளைக்கு அந்தக் கார் களவு போனால், யார் சாவி செய்தார் என்று தெரிந்துவிடும். ஐரோப்பாவிலும் இதே போன்ற ஏற்பாட்டை 2023 முதல் ஒவ்வொரு நாடாகக் கொண்டுவருகிறார்கள்.

ரகசியம் மூடி இருந்தால் பத்திரம் என்பதும் முழு உண்மை அல்ல. ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் இருந்த ஒரு சிப்பின் ரகசியத்தைச் சில ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2013-ல் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி லண்டன் கோர்ட்டுக்குப் போய், அந்த ஆராய்ச்சியை வெளியிடத் தடை வாங்கியது. இரண்டு ஆண்டு கழித்து அது வெளிவந்தது. பூட்டு பலவீனமானது என்பதைச் சொந்தக்காரர்கள்தான் கடைசியாகத் தெரிந்து கொண்டார்கள்!

நம் ஊரிலும் குறுக்கு வழிகள் பெருகி வருகின்றன. எங்கிருந்தோ வரும் கருவியை வாங்கி வைத்துக்கொண்டு, கேள்வி கேட்காமல் சாவி செய்து கொடுப்பவர்கள் உண்டு. அவர்களில் திறமைசாலிகளும் நேர்மையானவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்களுக்கு ஒன்று செய்யும்போது தனக்கு ஒன்று செய்துகொண்டால் உங்களுக்கு எப்படித் தெரியும்? நல்லவரையும் கெட்டவரையும் பிரித்துக் காட்ட ஒரு பதிவேடு இல்லை. வாசலை அடைத்து வைத்தால் ஜனங்கள் கொல்லைப்புற வழியாகத்தான் போவார்கள்.

அரசாங்கத்துக்கு நாம் சொல்வது இதுதான். தாலுகாவுக்கு இரண்டு பூட்டுக்காரர்களுக்காவது பயிற்சி கொடுங்கள். போலீசார் விசாரித்து லைசென்சு கொடுக்கட்டும். ஆர்.சி. புத்தகத்தையும் ஆளின் அடையாள அட்டையையும் பார்த்து, புத்தகத்தில் எழுதிக்கொண்டு அவர் சாவி செய்யட்டும். லைசென்சு உள்ளவர் கேட்டால் கம்பெனி நியாயமான கட்டணத்தில் எண்ணைக் கொடுத்தே தீரவேண்டும். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் பையன்களுக்கும் இந்த வேலையைச் சொல்லிக் கொடுக்கலாம். அரம் பிடித்த கைக்குக் கம்ப்யூட்டர் பிடிக்கத் தெரியாது என்று யார் சொன்னது? செல்போன் ரிப்பேர் செய்வதற்கு நம் பையன்கள் எந்தக் கம்பெனியிடம் போய்ப் படித்தார்கள்?

சாவிக்கு என்ன விலை என்பதையும் கம்பெனிகள் ஊரறியச் சொல்லவேண்டும். கார் விளம்பரத்தில் பக்கம் பக்கமாகப் படம் போடுகிறார்கள். இன்னொரு சாவி எவ்வளவு என்று ஒரு வரி போடட்டும். அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகு, இந்தக் கார் வேண்டுமா அந்தக் கார் வேண்டுமா என்று குடும்பத்தலைவி முடிவு செய்துகொள்வார்.

சட்டம் வரும்வரை நாம் கேட்காமல் இருக்க வேண்டியதில்லை. புதுக் கார் எடுக்கும் அன்று, மாலையும் சந்தனமும் ஆவதற்கு முன்னால், கணக்குப்பிள்ளையிடம் நான்கு விஷயம் கேளுங்கள். இரண்டு சாவி எங்கே? எண் தகடு எங்கே? சாவி தொலைந்தால் எவ்வளவு ரூபாய், எத்தனை நாள்? அதை எழுத்தில் கொடுப்பீர்களா? பதில் சரியாக வராவிட்டால், 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது நுகர்வோர் புகாருக்கு மத்திய அரசாங்கம் வைத்திருக்கும் எண். தமிழிலும் பேசலாம்.